பழைய லேப்டாப்பில் எடிட்டர் தேடிய மூன்று வாரம்

எடிட்டரில், அதாவது வெப்சைட்டுக்கான நிரலை எழுதுகிற செயலியில், 'மிளகு' என்று அடிக்கிறேன். 'மி' வந்துவிட்டது. 'ள' வர இரண்டு நொடி. 'கு' வருவதற்குள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் என் லேப்டாப் இருந்த லட்சணம் இது. இப்போது சரியாகிவிட்டது. அதற்கு மூன்று வாரமும் 2,550 ரூபாயும் ஆனது. மூன்று வாரத்தில் இரண்டு வாரம் சுத்தத் தண்டம். எங்கெங்கே வழி தவறினேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வேலை பெரியதில்லை. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. காபிப் பொடியையும் மிளகையும் நேரடியாக விற்க ஒரு வெப்சைட் வேண்டும் என்றார். 14 பொருள், தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் விவரம். லெவன்டி என்ற கருவியை வைத்துப் பக்கங்களை உருவாக்குவதாகத் திட்டம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், அவ்வளவுதான். கூலி, ஒரு வருஷத்துக்கு வீட்டுக்கு வேண்டிய காபிப் பொடி.

லேப்டாப் 2014-ல் வாங்கியது. ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், சுற்றுகிற 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், மேலே லினக்ஸ் மின்ட் இயங்குதளம். பேட்டரி செத்து இரண்டு வருஷம் ஆகிறது. கரண்ட் போனால் லேப்டாப்பும் கூடவே போய்விடும். சேலம் அம்மாப்பேட்டையில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லலாம். நான் சொல்வதற்குள் திரை கறுத்திருக்கும்.

எடிட்டர் விஷயத்தில் எனக்கு ராசி கிடையாது. எச்டிஎம்எல் பழகியது பிராக்கெட்ஸில். அதற்கான ஆதரவை அடோபி 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி நிறுத்தியது. அங்கிருந்து கிட்ஹப்பின் 'ஆட்டம்' எடிட்டருக்குப் போனேன். 2022 டிசம்பர் 15-ல் அந்த ஆட்டமும் முடிந்தது. வேறு வழியில்லாமல் விஎஸ் கோடுக்கு வந்தேன். ஆட்டத்துக்காகச் செய்த எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல்தான் விஎஸ் கோட் இன்றைக்கும் ஓடுகிறது என்பது தனிக் கூத்து. அதனால் லேப்டாப் திணறியதும் எனக்கு வந்த முதல் சந்தேகம் அதன் மேல்தான். உள்ளே ஒரு முழு பிரவுசரையே சுமந்துகொண்டு வருகிற எடிட்டர். 4 ஜிபி லேப்டாப் எப்படித் தாங்கும்? எதையும் அளந்து பார்க்காமல் தூக்கிவிட்டேன். முதல் தப்பு அது.

அடுத்து ஜியானி என்ற இலேசான எடிட்டர். ஐகானைத் தட்டினால் மூன்று நொடியில் திறந்துவிடும், நினைவகத்தில் 50 எம்பி சுற்றித்தான் எடுத்துக்கொள்ளும். முதல் நாள் சொர்க்கம். ஃபோல்டர் முழுக்கத் தேடலாம், நிறம் காட்டும், கலகலப்பாக ஓடும். இரண்டாம் நாள் சிஎஸ்எஸ்ஸில் ஒரு கிளாஸ் பெயரை ஒன்பது இடத்தில் மாற்ற வேண்டியிருந்தது. ஒரே சொல்லை அடுத்தடுத்துப் பிடித்து எல்லா இடத்திலும் கர்சர் வைத்து ஒரே அடியில் மாற்றுவது என் கைக்குப் பழகிப்போன ஒன்று. ஜியானியில் கை அந்தக் குறுக்குவழியைத் தேடித் தேடி ஏமாந்தது. நாலு நாள் ஓட்டினேன். ஜியானியைக் குறை சொல்ல மாட்டேன்; ஒரே ஒரு பக்கத்தைத் திருத்த இன்றும் அதைத்தான் திறக்கிறேன்.

கையின் பழக்கத்துக்காகவே சப்லைமுக்குப் போனேன். அப்படிக் கர்சர்களைப் பெருக்குவதைப் பெரிய அளவில் பழக்கிவிட்ட எடிட்டர் அதுதான். திறந்தவுடன் தயார். ஹார்ட் டிஸ்க்கிலேயே ஆறு நொடி. எம்மட்டை (சுருக்கமாக அடித்ததை முழு எச்டிஎம்எல்லாக விரிக்கும் வசதி) தனியாகச் சேர்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. எல்லாம் நன்றாகத்தான் போனது, அவ்வப்போது சேமிக்கும்போது 'வாங்குகிறீர்களா' என்று ஒரு பெட்டி எழுந்து கேட்பதைத் தவிர. லைசென்ஸ் 99 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 8,400-க்கு மேல். சோதனைக்குக் காலக்கெடு இல்லை, பெட்டியை மூடிவிட்டு எத்தனை நாளும் ஓட்டலாம்தான். ஆனால் தினமும் சோறு போடுகிற கருவியை ஓசியில் ஓட்ட மனசு வரவில்லை. காபிப் பொடிக் கூலிக்கு 8,400 ரூபாய் போடவும் மனசு வரவில்லை.

சப்லைமில் இருந்த மூன்று நாளில்தான் கொட்டைப் பிரச்சினை வந்தது. மாமா, 'காபிக் கொட்டை' என்று இருக்கிற இடத்திலெல்லாம் 'வறுத்த காபிக் கொட்டை' என்று மாற்றச் சொன்னார். தேடினேன், மூன்று இடம் என்றது. கண்ணால் எண்ணினால் பதினொன்று! எடிட்டருக்குத் தமிழ் வராது போல என்று முடிவு கட்டி, மறுபடி ஜியானியைத் திறந்து தேடினேன். அங்கும் மூன்று. கட்டளை அடிக்கும் டெர்மினலில் கிரெப் என்ற தேடும் கட்டளையைப் போட்டேன். மூன்றேதான்.

சலிப்பில், அகப்படாத ஒரு 'கொட்டை'யை அழித்துத் திரும்ப அடிக்கலாம் என்று பேக்ஸ்பேஸைத் தட்டிக்கொண்டே வந்தேன். 'டை' போனது, 'ட்' போனது. 'கொ'வின் மேல் ஒரு தட்டுத் தட்டியதும் 'கெ' என்று நின்றது. அகப்பட்ட இன்னொரு 'கொட்டை'யில் அதே மாதிரி செய்தேன். அங்கே ஒரே தட்டில் 'க' மட்டும் மிஞ்சியது. அப்போதுதான் உறைத்தது. மாமா போனில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதில் ஒகரக் குறி ஒரே குறியாக இருக்கிறது. பழைய நோட்டீஸ் ஒன்றை அச்சகத்து ஃபான்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி எடுத்திருந்தேன்; அதில் ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தேடுகிற நிரலுக்கு அவை வேறு வேறு சொல். எட்டுக் கொட்டை நோட்டீஸ் கொட்டை.

இதற்கு மருந்து எளிது. ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்று ஒரு செயல் உண்டு. எல்லாக் கோப்பையும் ஒருமுறை அதன் வழியாக விட்டு எடுத்தால் பிரிந்த குறிகள் சேர்ந்துவிடும். ஆறு வரி ஸ்கிரிப்ட். ஓட்டிவிட்டுத் தேடினால் பதினொன்று. ஆனால் அதே நோட்டீஸில் 'செளகரியமான விலை' என்று ஒன்று இருந்தது. அது 'சௌ' இல்லை. 'செ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்தது. அச்சில் வித்தியாசமே தெரியாது. இதை எந்த நார்மலைஸும் சேர்த்து வைக்காது, ஏனென்றால் அது குறி வேறுபாடு இல்லை, எழுத்துப் பிழை. கையால்தான் திருத்தினேன். ஒரு எடிட்டரின் மேல் போட இருந்த பழி இப்படி நீங்கியது. அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்; வரவில்லை.

டெர்மினலுக்குள்ளேயே ஓடும் விம் எடிட்டரை ஒரு சாயங்காலம் முயன்று பார்த்தேன். சர்வரில் ஏதாவது திருத்த வேண்டுமென்றால் அதைத்தான் திறப்பேன், அதனால் பயம் இல்லை. இரண்டு இடத்தில் அடிபட்டேன். என் டெர்மினலில் கொம்பும் சுழியும் எழுத்தை விட்டு விலகி நின்றன. 'மிளகு' படிக்கவே கண் வலித்தது. இரண்டாவது இன்னும் மோசம். நான் அடிப்பது தமிழ்99 விசைப்பலகையில். விம்மில் எஸ்கேப் தட்டினால் எழுத்து விசைகளே கட்டளைகளாகிவிடும். விம்மில் ஒரு வாக்கியம் அடித்து முடித்து எஸ்கேப் தட்டிவிட்டுக் கீழே இறங்க 'ஜே'வைத் தட்டுகிறேன். விசைப்பலகை இன்னும் தமிழில் இருப்பதால் விம்முக்குப் போவது 'ப'. அதற்கு 'ப' என்றால் ஒன்றும் தெரியாது, அசையாமல் நிற்கிறது. மேலே போக 'கே' தட்டினால் 'ம'. ஒவ்வொரு முறையும் எஸ்கேப், பிறகு மொழி மாற்று, பிறகு கட்டளை, பிறகு மறுபடி மொழி மாற்று. இதற்கும் செட்டிங் வழி உண்டு. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் படித்துக்கொண்டிருக்கையில், மாமாவின் பக்கத்தில் அன்றைக்கு ஒரு வரிகூட ஏறவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மூடிவிட்டேன்.

ஸெட் எடிட்டர் பத்து நிமிடக் கதை. ஆட்டத்தை உருவாக்கியவர்களில் சிலர் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதியது. 2024 ஜனவரியில் மூல நிரலைத் திறந்து விட்டார்கள். திரையில் எழுத்து வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் தள்ளி வேகம் எடுப்பது அதன் வழி. லினக்ஸில் அதற்கு வல்கன் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகம் வேண்டும். என் லேப்டாப்போ, ஹாஸ்வெல்லில் (என் நான்காம் தலைமுறை சிப்பின் பெயர்) வல்கன் ஆதரவு முழுமையில்லை என்று ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு முரண்டு பிடித்தது. நல்ல லேப்டாப் வாங்கினால் பார்ப்போம். பிரவுசரிலேயே ஓடும் எடிட்டரையும் யோசித்தேன். ஆனால் பாதி வேலை மாமா வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்தும் உள்ளே போக வேண்டிய ஊர். மழை பிடித்தால் போன் சிக்னலும் பனிக்குள் போய்விடும். அந்தப் பேச்சே வேண்டாம் என்று விட்டேன்.

இந்த நிலையில்தான் ஐந்து ரோடு பக்கத்தில் லேப்டாப் சரிபார்க்கிற தம்பியிடம் போனேன். ரேம் கூட்டினால் எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தான். அவன் ரேமைப் பற்றிப் பேசாமல், "அண்ணா, அந்த விஎஸ் கோட்ல எக்ஸ்டென்ஷன் எத்தனை போட்டிருந்தீங்க?" என்றான்.

"இருக்கும் ஒரு பத்து."

"எண்ணிப் பார்த்தீங்களா?"

எக்ஸ்டென்ஷன் என்பது எடிட்டருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல். வீட்டுக்கு வந்து விஎஸ் கோடைத் திரும்ப நிறுவினேன். எடிட்டரை நீக்கினாலும் பழைய செட்டிங்கும் எக்ஸ்டென்ஷனும் ஹோம் ஃபோல்டரில் அப்படியே உட்கார்ந்திருந்தன. எண்ணினேன். 31. பைத்தானுக்கு மூன்று, நான் என்றைக்கும் எழுதாத பிஎச்பிக்கு இரண்டு, ஐகான் அழகுக்கு நாலு, ஏஐ உதவி என்று ஒன்று, எச்டிஎம்எல்லை ஒழுங்குபடுத்த இரண்டு. கடைசி இரண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதன்முறையாக அளந்தேன். போன் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு. 31 எக்ஸ்டென்ஷனோடு திறந்து கர்சர் துடிக்க 52 நொடி. நினைவகம் 1.7 ஜிபி. பிரவுசரும் கூட ஓடினால் ரேம் தீர்ந்து டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும். 'ள' வர இரண்டு நொடி ஆனதன் ரகசியம் அதுதான். அப்புறம் எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் அணைத்துத் திறக்கும்படி டெர்மினலில் சொன்னேன். 29 நொடி, 480 எம்பி. 'மிளகு' அடித்தேன். விரலோடு கூடவே வந்தது. இரண்டு வாரம் வேறு எடிட்டர்களைத் தேடி அலைந்ததற்குப் பதில் இந்த ஒரு வரிக் கட்டளையை முதல் நாளே அடித்திருக்கலாம்.

எந்த எக்ஸ்டென்ஷன் குற்றவாளி என்று கண்டுபிடிக்க விஎஸ் கோடிலேயே வழி இருக்கிறது. 'எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்று கட்டளைப் பெட்டியில் கொடுத்தால் பாதியை அணைத்துவிட்டு, 'இப்போது சரியா?' என்று கேட்கும். பதிலைப் பொறுத்து மீதியில் பாதி, அதில் பாதி. 31-க்கு ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் எடிட்டர் மறுபடி திறக்க வேண்டும், இந்த டிஸ்க்கில் அது முக்கால் நிமிடம். நடுவில் போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டே வந்தேன். அடிக்கும்போது இழுத்தது ஏஐ உதவிதான். ஒவ்வொரு எழுத்துக்கும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தது. அதை நீக்கிவிட்டு இன்னொரு முறை ஓட்டியதில், சேமிக்கும்போது வந்த இழுவைக்கும் ஆள் கிடைத்தது. அந்த இரண்டு ஒழுங்குபடுத்திகள்! ஒன்று நாலு இடைவெளி விடும், மற்றது இரண்டாகக் குறைக்கும். நான் சேமிக்கிற ஒவ்வொரு முறையும் இரண்டும் மல்லுக்கட்டி, கோப்பு மாறி, லெவன்டி அதைப் பார்த்துவிட்டு எல்லாப் பக்கத்தையும் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு தப்பும் இங்கேதான் வெளிப்பட்டது. 'இவ்வளவு பெரிய ஃபோல்டரில் கோப்பு மாற்றங்களைக் கவனிக்க முடியவில்லை' என்று முன்பு ஒரு எச்சரிக்கை வந்தபோது, எங்கோ படித்துவிட்டு லினக்ஸின் கண்காணிப்பு வரம்பை 524288 ஆக உயர்த்தியிருந்தேன். எச்சரிக்கை நின்றது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ஒவ்வொரு கண்காணிப்புக்கும் 1,080 பைட் என்று விஎஸ் கோட் ஆவணத்திலேயே இருக்கிறது. வரம்பு முழுவதையும் பயன்படுத்தினால் 540 எம்பி அதற்கே போகும். 4 ஜிபிக்காரன் செய்யக்கூடிய வேலையா இது? முதலில் அவ்வளவு கோப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நான் மாமாவின் ஃபோல்டரைத் திறக்கவில்லை. அதற்கு மேலே உள்ள 'வேலைகள்' ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தேன். ஒன்பது பழைய வேலைகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான நோட் மாட்யூல் கோப்புகள் (லெவன்டி போன்ற கருவிகளுக்கு வேண்டிய துணை நிரல்கள்), மாமா அனுப்பிய பழைய போட்டோக்கள், எல்லாவற்றையும் பாவம் அது காவல் காத்துக்கொண்டிருந்தது. மாமாவின் ஃபோல்டரை மட்டும் திறந்தேன். நோட் மாட்யூலையும் உருவாகும் பக்கங்களையும் கவனிக்க வேண்டாம் என்று 'வாட்சர் எக்ஸ்க்ளூட்' செட்டிங்கில் சேர்த்தேன். வரம்பைப் பழையபடி இறக்கினேன். எச்சரிக்கை திரும்ப வரவே இல்லை.

31-ல் மிஞ்சியது நாலு. ஒழுங்குபடுத்தி ஒன்று, லெவன்டி டெம்ப்ளேட்டுக்கு நிறம் காட்டுவது, பிழையை அந்த வரியிலேயே காட்டுவது, கிட் வரலாறு (கோப்பு எப்போது எப்படி மாறியது என்பது) காட்டுவது. எம்மட் உள்ளேயே இருக்கிறது.

இதற்குப் பிறகும் திறக்க 33 நொடி என்பது எரிச்சல்தான். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சுற்றாத, வேகமான எஸ்எஸ்டி போடுவது என்று முடிவாயிற்று. எப்படியும் கழற்றப் போகிற டிஸ்க் என்பதால், நல்ல டிஸ்க்கில் செய்யத் துணியாத ஒரு சோதனையைச் செய்து பார்த்தேன். செத்த பேட்டரிக்காரனுக்கு எடிட்டரில் முக்கியமான குணம் எது? கரண்ட் போனால் அடித்தது பிழைக்குமா என்பதுதான். ஒவ்வொரு எடிட்டரிலும் பத்து வரி அடித்து, சேமிக்காமல், பத்து வரை எண்ணி, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். விஎஸ் கோட் திரும்பத் திறந்தபோது பத்து வரியும் இருந்தன. சப்லைமிலும் இருந்தன. விம், ஸ்வாப் கோப்பு கிடக்கிறது, மீட்கவா என்று கேட்டு ஒன்பதரை வரி கொடுத்தது. 200 எழுத்துக்கு ஒருமுறையோ, கை நாலு நொடி சும்மா இருந்தாலோ அது எழுதி வைக்கும். அந்த அரை வரி எப்படிப் போனது என்று இன்னும் புரியவில்லை, நான் வேகமாக எண்ணியிருக்கலாம். ஜியானியில் ஒன்றும் இல்லை. அதில் தானாகச் சேமிக்கிற பிளக்இன் உண்டு, நான் இயக்கவில்லை. இந்தச் சோதனை எனக்கு முடிவைச் சொல்லிவிட்டது. காசு கேட்காதவற்றில், கரண்ட்டுக்கும் பிழைத்து, என் கைப் பழக்கத்துக்கும் ஒத்துவருவது விஎஸ் கோட் ஒன்றுதான். சுற்றிச் சுற்றி, முதல் நாள் தூக்கிப் போட்ட இடத்துக்கே வந்து நின்றேன்.

240 ஜிபி எஸ்எஸ்டி 1,650 ரூபாய். பழைய 4 ஜிபி ரேம் ஒன்று 700. தம்பிக்குக் கூலி 200. ரேமில் ஒரு கோளாறு. நானே முந்திரிக்கொட்டை மாதிரி முதலில் வேறு ஒரு கடையில் 550-க்கு ஒன்று வாங்கிப் போட்டேன். திரை வரவே இல்லை, 'பீப் பீப்' என்று கத்தியது. லேப்டாப் செத்துவிட்டது என்று நினைத்து அரை மணி நேரம் வயிற்றைக் கலக்கியது. தம்பி இரண்டு ரேமையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். ஏற்கெனவே இருந்ததில் பிசி3எல் என்று எழுதியிருந்தது. நான் வாங்கியதில் பிசி3. அந்த 'எல்' 1.35 வோல்ட்டுக்கான அடையாளம், மற்றது 1.5 வோல்ட். இந்தத் தலைமுறை லேப்டாப் 1.5-ஐ ஏற்காது. கடையில் மாற்றிக் கொடுத்தார்கள், 150 ரூபாய் கூடுதல். அதுதான் மேலே சொன்ன 700. மாற்றுவதற்கு முன் பழைய ரேமின் ஸ்டிக்கரைப் போனில் ஒரு படம் எடுத்துப் போயிருந்தால் ஒரு பஸ் டிக்கெட் மிச்சம்.

எஸ்எஸ்டியில் லினக்ஸைப் புதிதாக நிறுவி விஎஸ் கோடைத் தட்டினேன். 5 நொடி. நோட்டில் 52 என்று எழுதியிருந்ததற்கு நேராக 5 என்று எழுதியபோது அடைந்த சந்தோஷத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழுக்காகச் செய்தவை கொஞ்சம். எழுத்துருப் பட்டியலில் ஆங்கிலச் சம அகல எழுத்துக்குப் பின்னால் நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்தேன். அளவு 15, வரி உயரம் 1.7. அதற்குக் கீழே போனால் 'கூ'வின் வாலும் அடுத்த வரியின் 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைப் பெட்டி போட்டுக் காட்டும் வசதியை அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு, நான் வைத்துக்கொண்டேன். எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய வாக்கியத்தில் 'க்ஷ' வராமல் இருக்க யாரோ நடுவில் செருகிய அகலமில்லாக் குறி ஒன்று அதனால்தான் அகப்பட்டது. எக்ஸ்டென்ஷன்கள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தினேன். மலையில் ஹாட்ஸ்பாட் டேட்டாவை அவை குடித்துவிடும். சேலத்துக்கு இறங்கும்போது கையால் புதுப்பிக்கிறேன்.

இதைவிடப் பெரிய மாற்றம் எடிட்டரில் இல்லை, கோப்புகளில். எச்டிஎம்எல் டேக் ஆங்கிலம், உள்ளே வாக்கியம் தமிழ், மறுபடி டேக் ஆங்கிலம் என்று ஒரு பக்கத்துக்குள் எத்தனை முறை விசைப்பலகை மாற்றுகிறேன் என்று ஒரு நாள் கோடு கிழித்து எண்ணினேன். 140-ஐத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். இப்போது தமிழ் எல்லாம் தனிக் கோப்பில். பக்கத்தின் சட்டகம் தனி. காலையில் சட்டகம், சாயங்காலம் தமிழ். அடுத்த வேலையில் இதை முதல் நாளே செய்வேன். எக்ஸ்டென்ஷன்களையும் வேலைக்குத் தகுந்தபடி தனித்தனிப் புரொஃபைலாகப் பிரித்து வைப்பேன். பைத்தானுக்கு உள்ளது காபிக் கடைக்குள் வரக் கூடாது. எஸ்எஸ்டியை மூன்று வருஷம் முன்பே போட்டிருக்கலாம்.

மாமா கதை மிச்சம் இருக்கிறது. விலை மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் என்னை அழைக்காமல் அவரே மாற்ற வேண்டும். விலைகளை ஒரு சிஎஸ்வி கோப்பில் (கமாவால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) வைத்து, விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாரே என்று எக்செல்லில் திறக்கச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. மிளகு '?????', காபி '????'. எக்செல் சாதாரண சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது யூனிகோடில் எழுதாது. தமிழ் எழுத்துக்கு அதில் இடமில்லை என்று எல்லாவற்றையும் கேள்விக்குறி ஆக்கிவிடும். யூனிகோடில் எழுதும் யூடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்து சேமிக்க வேண்டும். அதை மாமாவுக்கு விளக்குவதைவிட வேறு வழி பார்ப்பது நல்லது என்று தோன்றியது.

நோட்பேட் பிளஸ் பிளஸ் நிறுவிக் கொடுத்தேன். 2003-லிருந்து இருக்கிற எடிட்டர், விண்டோஸில் மட்டும் ஓடும், மாமாவின் கம்ப்யூட்டரைவிட இலேசு. புதுக் கோப்பு யூடிஎஃப்-8-ல் தொடங்கும்படி வைத்தேன். ஒரு பொருளுக்கு ஒரு வரி: பெயர், கமா, விலை. மாற்றத்தை இணையத்தில் ஏற்றுவதற்கு, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் கோப்பு டெஸ்க்டாப்பில். இரட்டைத் தட்டுத் தட்டினால் போதும். திண்ணையில் உட்கார்ந்து மூன்று முறை செய்து காட்டினேன். "இதுல என்ன மாப்ள இருக்கு, தோட்டக் கணக்கு எழுதற மாதிரிதான்" என்றார்.

போன ஞாயிறு சேலத்தில் இருந்தேன். மதியம் போன்.

"மாப்ள, மிளகு விலையை மாத்திட்டேன். பேட்ச்சையும் தட்டிட்டேன். ஆனா பக்கத்துல பழைய விலையே நிக்குது."

"நோட்பேடு திறந்திருக்குங்களா மாமா?"

"திறந்துதான் இருக்கு."

"மேல கோப்புப் பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு பிளாப்பி படம் இருக்கும் பாருங்க. என்ன கலர்ல இருக்கு?"

கண்ணாடியைத் தேடுகிற சத்தம் கேட்டது.

"சிவப்பு."

"கன்ட்ரோலை அழுத்திட்டே எஸ் அழுத்துங்க."

"ம்... நீலமாயிடுச்சு."

"இப்ப பேட்ச்சைத் தட்டுங்க மாமா."